கையில் காசில்லாத காலத்தில் வரிக்குக் கெடு கேட்பது எப்படி: சிறுதொழில் நடத்துவோருக்கு

ஜிஎஸ்டி கட்ட வேண்டிய 20-ஆம் தேதி நெருங்குகிறது. சரக்கு போய்விட்டது, பில் போட்டாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. ஓடி (வங்கி தரும் ஓவர்டிராஃப்ட் கடன்) கணக்கில் லிமிட் முழுவதும் எடுத்தாகிவிட்டது. ஊரே முடங்கிக் கிடக்கும் காலங்களில் இந்த நிலை ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் வருகிறது. அப்போது பலரும் செய்வது, ரிட்டர்னைத் தொடாமல் விட்டுவிட்டு, “அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிக்கலாம்” என்று இருந்துவிடுவது. அதைவிடச் செலவு பிடிக்கிற வழி வேறு கிடையாது.

வரியைத் தள்ளிக் கட்டச் சட்டத்திலேயே வழிகள் உண்டு. ஆனால் எல்லா வரிக்கும் இல்லை, எல்லா நேரத்திலும் இல்லை. ஒரு பாக்கிக்குத் தவணை கிடைக்குமா என்பதை அது எவ்வளவு பெரிய தொகை என்பது பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை. அது யாருடைய பணம், இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. நீங்களே கணக்குப் போட்டு ரிட்டர்னில் காட்ட வேண்டிய வரி ஒரு கட்டம். அதிகாரி ஆணை போட்டுக் கேட்கும் தொகை இன்னொரு கட்டம். முதலாவதற்குத் தவணை அநேகமாக இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

வருமான வரி பற்றி ஒரு குறிப்பு: 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. இங்கே சொல்லியிருப்பவை ஆடிட்டர்கள் வாயில் புழங்கும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள்.

முதலில் ஒரு தாள்

யாரிடமும் பேசுவதற்கு முன், அடுத்த 3 மாதங்களில் கட்ட வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்: டிடிஎஸ் (பிறருக்குத் தரும் பணத்தில் நீங்கள் பிடித்துக் கட்டும் வருமான வரி), பிஎஃப், இஎஸ்ஐ, ஜிஎஸ்டி, அட்வான்ஸ் டாக்ஸ் (ஆண்டு முடியும் முன்பே மதிப்பிட்டுக் கட்டும் வருமான வரி), பழைய ஆண்டு டிமாண்ட் (துறை கட்டச் சொல்லிக் கேட்ட தொகை) ஏதாவது இருந்தால் அதுவும். ஒவ்வொன்றுக்கும் எதிரே கெடு நாள், தாமதித்தால் வட்டி, வட்டிக்கு மேல் என்ன அபராதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே வருமானப் பக்கம்: யாரிடமிருந்து, எந்த வாரத்தில், எவ்வளவு. வாரம் வாரமாகப் போடுங்கள். மாதக் கணக்கில் சரியாகத் தெரிவது, வாரக் கணக்கில் பார்த்தால் 7-ஆம் தேதியே இடிக்கும்.

கையில் இருப்பதை இந்த வரிசையில் செலவழிப்பதே எங்கள் பரிந்துரை.

டிடிஎஸ்ஸும் தொழிலாளர் பங்கு பிஎஃப், இஎஸ்ஐயும் முதலில். இவை உங்கள் பணமே இல்லை. பிறரிடம் பிடித்து வைத்திருப்பது. டிடிஎஸ் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). பிடித்துவிட்டுக் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1.5% வட்டி. இந்த மாதக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜூன் 25-ல் பிடித்ததை ஜூலை 8-ல், அதாவது ஒரே ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும், ஜூன் ஒரு மாதம், ஜூலை ஒரு மாதம் என்று 3% விழும். காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளுக்கு ரூ.200 தனி. பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது குற்ற வழக்கு வரை போகக்கூடியது. பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் கெடு 15-ஆம் தேதி. தொழிலாளர் பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டியோடு போகும் என்று நினைத்தது, அந்தத் தொகை முழுவதற்கும் வருமான வரி கட்டுவதில் வந்து நிற்கும்.

அடுத்து ஜிஎஸ்டி. அதற்கும் அடுத்துதான் உங்கள் சொந்த வருமானத்தின் மேலான அட்வான்ஸ் டாக்ஸ். வட்டி குறைவு, அபராதம் குறைவு, சட்டமும் இங்கேதான் கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது. நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறோம்: ஆடிட்டர் போன் செய்தார் என்று அட்வான்ஸ் டாக்ஸைக் கட்டிவிட்டு, டிடிஎஸ்ஸை விட்டுவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி: ரிட்டர்னில் வரும் வரி

சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 80-ஆவது பிரிவு தவணை தருகிறது. ஆனால் அதே பிரிவிலேயே, ரிட்டர்னில் தானாக மதிப்பிட்டுக் காட்டும் வரிக்கு அது பொருந்தாது என்றும் இருக்கிறது. எனவே மாதாந்தர ஜிஎஸ்டிஆர்-3பி (அந்த மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்) வரிக்குத் தவணை கேட்டு ஆணையரிடம் மனுப் போடுவது வீண். (நீதிமன்றம் போய் ரிட் மனுவில் அனுமதி வாங்கியவர்கள் உண்டு, கேரள உயர் நீதிமன்றம் 2020-ல் அப்படி ஒரு வழக்கில் தவணை தந்தது. தொகை பெரிதாக இருந்து, வழக்கறிஞர் செலவு தாங்குமானால் மட்டும் அது யோசிக்க வேண்டிய வழி.)

இன்னொரு சிக்கல்: 3பி ரிட்டர்னைப் பாதி வரி கட்டித் தாக்கல் செய்ய முடியாது. முழுத் தொகைக்கும் லெட்ஜரில் (போர்ட்டலில் உங்கள் பெயரில் உள்ள வரிக் கணக்கு) இருப்பு இருந்தால்தான் போர்ட்டல் ஏற்கும். “இருப்பதைக் கட்டிவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம்” என்பது இங்கே நடக்காது என்று நினைத்து, இருக்கிற பணத்தையும் வேறு செலவுக்கு எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது.

2024 ஜூலையில் 88பி விதியில் ஒரு திருத்தம் வந்தது. கெடு நாளுக்குள் மின்னணு ரொக்க லெட்ஜரில் பணத்தைப் போட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள் வரை அதை எடுக்காமல் விட்டுவைத்தால், ரிட்டர்ன் தாமதமானாலும் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. உள்ளீட்டு வரி வரவில் (நீங்கள் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே தந்த ஜிஎஸ்டி) கழியும் பகுதிக்கு முன்பிருந்தே வட்டி இல்லை, துறை நடவடிக்கை தொடங்கும் முன் ரிட்டர்ன் போட்டுவிட்டால். எனவே உண்மையில் வட்டி ஏறுவது, உங்களிடம் இல்லாத பணத்துக்கு மட்டும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மாத விற்பனை ரூ.20 லட்சம், 18% வரி ரூ.3,60,000. உள்ளீட்டு வரி வரவு ரூ.2,10,000. ரொக்கமாகக் கட்ட வேண்டியது ரூ.1,50,000. 20-ஆம் தேதி கையில் ரூ.90,000 இருக்கிறது, மீதி ரூ.60,000 இன்னும் 45 நாளில் வரும்.

எதையும் போடாமல் விட்டு 45 நாள் கழித்துக் கட்டினால் 1,50,000 × 18% × 45 ÷ 365 = ரூ.3,329 வட்டி. 90,000-ஐ 20-ஆம் தேதிக்குள் சலானில் போட்டுவைத்தால், 60,000-க்கு மட்டும் வட்டி: ரூ.1,332. இரண்டிலும் தாமதக் கட்டணம் நாளுக்கு ரூ.50 வீதம் ரூ.2,250. ஆண்டு விற்றுமுதல் ரூ.1.5 கோடிக்குள் இருந்தால் இந்தக் கட்டணத்துக்கு ரூ.2,000 உச்சவரம்பு, ரூ.1.5 கோடி முதல் ரூ.5 கோடி வரை ரூ.5,000, அதற்கு மேல் ரூ.10,000.

அதே ரூ.60,000-ஐ ஆண்டுக்கு 12% வட்டியில் ஓடியிலிருந்து எடுத்திருந்தால் 45 நாளுக்கு ரூ.888. தாமதத்தின் மொத்த விலையோ ரூ.3,582. ஓடியில் இடம் இருந்தால் ஜிஎஸ்டியைத் தள்ளிப்போடாதீர்கள். ஓடியை வேறு செலவுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தால், அந்த ஒதுக்கீட்டை மறுபடி பாருங்கள்.

சலான் போடும்போது தலைப்பைக் கவனியுங்கள். ஐஜிஎஸ்டியில் (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி) போட வேண்டியதை சிஜிஎஸ்டியில் போட்டுவிட்டு, பணம் இருந்தும் ரிட்டர்ன் போகாமல் நிற்பவர்கள் உண்டு. பிஎம்டி-09 படிவத்தில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய மாதங்களில் தவறான தலைப்பில் முடங்கிக் கிடக்கும் சில ஆயிரங்கள் இப்படி வெளியே வருவதும் உண்டு. லெட்ஜரைத் திறந்து பார்க்காமல் கடன் தேடிப் போகாதீர்கள். ஐஜிஎஸ்டி வரவு மிச்சமிருந்தால், அதை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) இரண்டுக்கும் எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் பிரித்துக் கழிக்கலாம். போர்ட்டல் தானாகக் காட்டும் விகிதம் எப்போதும் உங்களுக்குச் சாதகமானதாக இருக்காது.

ஜிஎஸ்டிஆர்-1-ஐ (விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்ன்) மட்டும் நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். உங்களிடம் வாங்கியவருக்கு வரி வரவு தெரிவது அதில்தான். அது தெரியாவிட்டால் அவர் உங்கள் பில்லில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார், பணத் தட்டுப்பாடு இன்னும் இறுகும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள்: ஜிஎஸ்டிஆர்-1-ல் காட்டிவிட்டு 3பி போடாத வரியை, நோட்டீஸ் விசாரணை எதுவும் இல்லாமல் நேரடியாக வசூலிக்கத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1-ம், முந்தைய 3பி போடும் வரை திறக்காது.

அதனால் மாதாந்தரக் கணக்கு வைத்திருப்பவருக்குத் தாங்கும் எல்லை ஏறத்தாழ ஒரு மாதம்தான். தொடர்ந்து 2 மாத ரிட்டர்ன் நின்றால் இ-வே பில் போட முடியாது. சரக்கு குடோனை விட்டு நகராது, விற்பனையே நின்றுவிடும். 6 மாதம் நின்றால் பதிவையே ரத்து செய்யலாம். தவிர, வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைக் கெடுவிலிருந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால், 10% அல்லது ரூ.10,000, எது அதிகமோ அது அபராதமாக விழ இடமுண்டு. பின்னால் நோட்டீஸ் வந்த பிறகு கட்டித் தப்பிக்கும் சலுகை இதற்குப் பொருந்தாது. கட்டாமல் இழுப்பது தவிர்க்க முடியாததானால், இந்த 30-ஆம் நாளைத் தாளில் சிவப்பு மையில் குறியுங்கள்.

ரிட்டர்ன் போடாததற்கு நோட்டீஸ் வந்துவிட்டதென்றால் 15 நாள் அவகாசம். அதற்குப் பிறகு அதிகாரி தானே ஒரு தொகையை மதிப்பிட்டு ஆணை போடுவார்; அது பெரும்பாலும் உண்மைத் தொகையைவிடக் கூடுதலாக இருக்கும். பதற வேண்டாம். ஆணை வந்த 60 நாளுக்குள் முறையான ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டால் ஆணை விலக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டும் நிற்கும்.

பில் தேதியும் காலாண்டு முறையும்

பொருளுக்கு ஜிஎஸ்டி கடமை பிறப்பது பில் போடும்போது, பணம் வரும்போது அல்ல. பொருள் கிளம்பும்போது பில் போட்டாக வேண்டும். எனவே 30-ஆம் தேதி அனுப்பும் சரக்குக்கு வரி அடுத்த 20-ஆம் தேதியே கட்ட வேண்டும். 1-ஆம் தேதி அனுப்பினால் அதற்கும் அடுத்த மாதம் 20. வாங்குபவருக்கு அவசரமில்லாத சரக்கை இரண்டு நாள் தள்ளி அனுப்புவதில் 30 நாள் கிடைக்கிறது. இது முழுக்கச் சட்டப்படியானது, ஆனால் சரக்கும் உண்மையாகவே அந்தத் தேதியில்தான் கிளம்ப வேண்டும். பில்லை மட்டும் தள்ளிப்போட்டுச் சரக்கை முன்னால் அனுப்புவது வழியில் மாட்டும்.

சேவை தருபவர்களுக்கு, வேலை முடிந்து 30 நாள் வரை பில் போட அவகாசம் உண்டு. ஆனால் முன்பணம் வாங்கினால் வாங்கிய மாதத்திலேயே வரி. பொருளுக்கான முன்பணத்துக்கு அந்தக் கவலை இல்லை. நெருக்கடி நேரத்தில் வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்பதாக இருந்தால் இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

வராக்கடனாகப் போன பில்லுக்கு, கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழியில்லை. சரக்கைத் திருப்பி எடுத்தால் அல்லது விலையைக் குறைத்தால் கிரெடிட் நோட் போடலாம்; பணம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போட முடியாது. பணம் தராதவருக்கு மறுபடி சரக்கு அனுப்பும்போது, அவருக்காக வரியையும் நீங்களே கட்டப்போகிறீர்கள் என்பதைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடிக்குள் இருப்பவர்கள் கியூஆர்எம்பி என்ற காலாண்டு முறைக்கு மாறலாம். ரிட்டர்ன் 3 மாதத்துக்கு ஒன்று. தமிழ்நாடு, புதுச்சேரிக்குக் கெடு காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22. முதல் இரண்டு மாதங்களுக்கு பிஎம்டி-06 சலானில் 25-ஆம் தேதிக்குள் பணம் மட்டும் கட்ட வேண்டும். எவ்வளவு என்பதில் இரண்டு வழி. ஒன்று, முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35% என்ற நிலையான தொகை. உண்மை வரி அதைவிடக் கூடுதலாக இருந்தாலும் அந்த மாதத்துக்கு வட்டி இல்லை. இன்னொன்று, அந்த மாத உண்மைக் கணக்கு. விற்பனை சரிந்துகொண்டிருக்கும்போது உண்மைக் கணக்கை எடுங்கள். மீண்டு ஏறத் தொடங்கும்போது நிலையான தொகையை எடுங்கள், உயர்ந்த வரியின் மிச்சம் காலாண்டு முடிவு வரை உங்களிடமே இருக்கும்.

இதில் பேசப்படாத பயன் ஒன்று உண்டு. அந்த இரண்டு மாத பிஎம்டி-06 தாமதமானால் 18% வட்டி மட்டும்தான், தாமதக் கட்டணம் இல்லை. நான்கு ரிட்டர்னுக்குத்தான் அந்தப் பயம், பன்னிரண்டுக்கு அல்ல. ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு மாற வேண்டுமானால் பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை போர்ட்டலில் தேர்வு செய்யலாம். மற்ற காலாண்டுகளுக்கும் இதே இடைவெளி. கடைசியாகப் போட வேண்டிய ரிட்டர்ன் பாக்கியிருந்தால் மாற முடியாது. எனவே நெருக்கடி முற்றும் முன்பே மாறிக்கொள்ள வேண்டும்.

ஆணை வந்த தொகைக்குத் தவணை: டிஆர்சி-20

தணிக்கை, நோட்டீஸ், ஆணை வழியாக வந்த ஜிஎஸ்டி டிமாண்டுக்கு 80-ஆவது பிரிவு பயன்படும். அதிகபட்சம் 24 மாதத் தவணை. ஆணை கிடைத்த 3 மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்பது பொதுக் கெடு. அது முடிந்து வசூல் நடவடிக்கை தொடங்கும் முன் மனுப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

போர்ட்டலில் சர்வீசஸ், யூசர் சர்வீசஸ், மை அப்ளிகேஷன்ஸ் என்று போய், தள்ளிக் கட்டுதல் அல்லது தவணைக்கான விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த டிமாண்ட், கால நீட்டிப்பா தவணையா, எத்தனை தவணை, காரணம் என்ன என்பவை கேட்கப்படும். இணைப்புகளோடு சமர்ப்பித்தால் டிஆர்சி-20 பதிவாகும். ஆணையர், உங்கள் பகுதி அதிகாரியிடம் உங்கள் நிதி நிலை பற்றி அறிக்கை கேட்பார். அதற்குப் பிறகு டிஆர்சி-21-ல் ஆணை வரும்.

மூன்று நிலைகளில் தவணை கிடைக்காது: வேறு ஏதாவது ஜிஎஸ்டி பாக்கிக்காக ஏற்கெனவே வசூல் நடவடிக்கை நடந்துகொண்டிருந்தால்; முந்தைய நிதியாண்டில் தவணைக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தால்; கேட்கும் தொகை ரூ.25,000-க்குக் குறைவாக இருந்தால்.

அனுமதியைத் தீர்மானிப்பது பகுதி அதிகாரியின் அறிக்கை. “வியாபாரம் சரியில்லை, கருணை காட்டவும்” என்று நாலு வரி எழுதி அனுப்பினால் அவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. அடுத்த 12 மாத பண வரவு செலவுக் கணிப்பு, கடந்த 6 மாத வங்கி அறிக்கை, யார் எத்தனை நாளாக எவ்வளவு தர வேண்டும் என்ற கடனாளிப் பட்டியல், கையில் இருக்கும் ஆர்டர்கள், வங்கி கடன் மறுத்த கடிதம் இருந்தால் அது. இவற்றோடு முதல் தவணைக்குச் சமமான தொகையை முன்கூட்டியே கட்டிய ரசீதையும் வையுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் ‘கட்டுவார்’ என்று ஒரு அதிகாரி எழுதுவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

எத்தனை தவணை கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டிமாண்ட் ரூ.4,80,000, அதில் வரி மட்டும் ரூ.3,60,000 என்று வைத்துக்கொள்வோம். 24-ஆல் வகுத்தால் மாதம் ரூ.20,000. மாதம் ரூ.22,000 மிச்சம் பிடிக்கலாம், சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் கட்டாத வரிக்கு 18% வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் மாதமே 3,60,000-க்கு ரூ.5,400 வட்டி, ஆக ரூ.25,400 வேண்டும். முதல் தவணையிலேயே பல் இளித்துவிடும். ஒரு தவணை தவறினாலும் மீதித் தொகை முழுவதும் அன்றே கட்ட வேண்டியதாகிவிடும். வேறு நோட்டீஸ் இல்லாமல் வங்கிக் கணக்கை முடக்கலாம். நடப்பு மாத ஜிஎஸ்டி கட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். லெட்ஜரில் பணம் கழியும் வரிசையும் அப்படித்தான்: பழைய ரிட்டர்ன் பாக்கி, நடப்பு ரிட்டர்ன், அதற்குப் பிறகே டிமாண்ட். வரிப் பகுதியை முதல் சில மாதங்களில் கூடுதலாகக் கட்ட முடிந்தால் வட்டி வேகமாக இறங்கும்.

ஆணையே தவறு என்று நம்பினால் தவணைக்குப் பதில் மேல்முறையீடு. 3 மாதத்துக்குள், தகராறில் உள்ள வரியில் 10% கட்டிப் போட்டால் மீதி வசூல் நிற்கும். அவகாசம் வாங்குவதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். தோற்றால் இடைப்பட்ட காலத்துக்கெல்லாம் வட்டி சேர்ந்து வரும்.

வருமான வரி

அட்வான்ஸ் டாக்ஸ் கெடுக்கள்: ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுதும். ஆண்டு வரி ரூ.10,000-ஐத் தொடாவிட்டால் இது வேண்டாம். இதைத் தள்ளிப்போட யாரிடமும் மனுப் போடத் தேவையில்லை. ஏனென்றால் மதிப்பீடே உங்களுடையது. சந்தை விழுந்ததும் முதலில் செய்ய வேண்டியது ஆண்டு வருமானத்தை மறுபடி கணிப்பது. போன ஆண்டுக் கணக்கை வைத்தே தவணை கட்டிக்கொண்டிருப்பது, துறைக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதுபோல. 2025–26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் தனிநபரின் மொத்த வருமானம் ரூ.12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வரியே இல்லாமல் போகிறது (மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானம் தவிர). சரிந்த ஆண்டில் பல சிறு தொழில்கள் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடும்.

குறைத்துக் கட்டினால் என்ன ஆகும்? ஆண்டு வரி ரூ.2,00,000 என்று வையுங்கள். மார்ச் வரை எதுவுமே கட்டாமல், மார்ச் 15-ல் முழுவதும் கட்டினால் வட்டி: ஜூனுக்கு 30,000-க்கு 3% ரூ.900, செப்டம்பருக்கு 90,000-க்கு 3% ரூ.2,700, டிசம்பருக்கு 1,50,000-க்கு 3% ரூ.4,500. மொத்தம் ரூ.8,100. ஜூனில் 12%, செப்டம்பரில் 36% கட்டியிருந்தாலே அந்த இரண்டுக்கும் வட்டி விழாது. மார்ச்சையும் தாண்டி, கட்டியது 90%-க்குக் குறைவாக இருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதம் 1% வேறு. இந்த வட்டி எதையும் செலவாகக் காட்ட முடியாது என்பதால் வங்கி வட்டியோடு ஒப்பிடும்போது இதைக் கொஞ்சம் கூட்டியே பாருங்கள்.

44ஏடி என்ற அனுமான வருமான முறையில் இருப்பவர்களுக்கு மார்ச் 15 ஒன்றே கெடு. விற்றுமுதல் ரூ.2 கோடி வரை, ரொக்க வரவு 5%-க்குள் இருந்தால் ரூ.3 கோடி வரை இது கிடைக்கும். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் இல்லை. வரியைத் தள்ளிப்போட மட்டும் இதற்குத் தாவ வேண்டாம். வங்கி வழி வரவில் 6%, ரொக்கத்தில் 8% லாபம் காட்டியே ஆக வேண்டும். உண்மையில் நட்டம் என்றால் இல்லாத வருமானத்துக்கு வரி கட்டுவீர்கள், நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. நடுவில் விலகினால் அடுத்த 5 ஆண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது.

உங்களுக்கு வரும் பணத்தில் வாடிக்கையாளர்கள் டிடிஎஸ் பிடிக்கிறார்களா? இந்த ஆண்டு வரி அவ்வளவு வராது என்றால், படிவம் 13-ல் டிரேசஸ் என்ற வருமான வரித் துறைத் தளம் வழியாகக் குறைந்த விகிதச் சான்று கேளுங்கள். ரீஃபண்டுக்கு ஒரு வருடம் காத்திருப்பதைவிட இது கையில் உடனே பணம்.

டிமாண்ட் நோட்டீஸ் வந்தால் கெடு 30 நாள். 220(3) பிரிவின்படி அந்த 30 நாள் முடிவதற்குள் மதிப்பீட்டு அதிகாரியிடம் கால நீட்டிப்போ தவணையோ எழுத்தில் கேட்கலாம். 31-ஆம் நாள் கேட்பவர் ஏற்கெனவே தவறியவர். பாக்கித் தொகை அளவு வரை அபராதம் போட அதிகாரிக்கு இடமுண்டு. மனு தரும் முன் டிமாண்ட் சரிதானா என்று 26ஏஎஸ்ஸோடு (உங்கள் பெயரில் பிடித்த டிடிஎஸ், கட்டிய வரி ஆகியவற்றின் பட்டியல்) ஒப்பிடுங்கள். விடுபட்ட டிடிஎஸ் வரவால் வந்த டிமாண்டுக்குத் திருத்த மனுவே போதும். தவணை கிடைத்தாலும் மாதம் 1% வட்டி ஓடும். அந்த வட்டியைக் குறைக்க முதன்மை ஆணையர் நிலையில் 220(2ஏ) மனு உண்டு. கட்டுவது உண்மையாகவே பெருங்கஷ்டம் தரும், தவறியது உங்கள் கையை மீறிய காரணத்தால், விசாரணைக்கு ஒத்துழைத்தீர்கள் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். ஜிஎஸ்டியில் வட்டியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை. அரசு அறிவிக்கை வந்தால்தான். வருமான வரிச் சலானில் மைனர் ஹெட் (எந்த வகை வரி என்று காட்டும் எண்) 400 என்று போட்டு டிமாண்ட் எண்ணைச் சேருங்கள். 300-ல் போட்ட பணம் வேறு கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ள, டிமாண்ட் அப்படியே நிற்கும்.

அரசு சலுகை அறிவிக்கும்போது

டிவியில் ‘வரி கட்ட அவகாசம் நீட்டிப்பு’ என்று ஓடும். அறிவிக்கையைப் படிக்காமல் பணத்தை வேறு வழியில் செலவழிக்காதீர்கள். கெடு நாள் நீள்கிறதா, வட்டி மட்டும் குறைகிறதா, தாமதக் கட்டணத்துக்கும் உண்டா, யாருக்கு, எந்தத் தேதிக்குள் கட்டினால்?

2020-ல் இது எல்லா வகையிலும் நடந்தது. விற்றுமுதல் ரூ.5 கோடிக்குள் இருந்தவர்களுக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான 3பி ரிட்டர்னுக்குக் குறிப்பிட்ட தேதிகளுக்குள் போட்டால் வட்டியே இல்லை. அதற்கு மேல் இருந்தவர்களுக்கு முதல் 15 நாள் மட்டும் வட்டி இல்லை, பிறகு 9%. டிடிஎஸ், அட்வான்ஸ் டாக்ஸுக்குக் கெடு நீளவே இல்லை. மார்ச் 20 முதல் ஜூன் 29 வரை விழுந்த தொகையை ஜூன் 30-க்குள் கட்டினால் வட்டி மாதம் 0.75% என்று குறைந்தது, அவ்வளவுதான். வருமான வரி ரிட்டர்னுக்குக் கெடு நவம்பர் 30 வரை நீண்டபோதும், கட்ட வேண்டிய சுய மதிப்பீட்டு வரி ரூ.1 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு வட்டி பழைய கெடுவிலிருந்தே ஓடியது. ரிட்டர்ன் நேரத்துக்குப் போட்டோமே, எதற்கு வட்டி என்று பின்னால் கேட்டவர்கள் பலர்.

இயற்கைப் பேரிடரின்போது மாவட்டம்தான் எல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின், நவம்பர் மாத 3பி-க்கு சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு டிசம்பர் 27 வரை அவகாசம் வந்தது. பிறகு தென்மாவட்ட வெள்ளத்துக்கு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, விருதுநகருக்கு 2024 ஜனவரி 10 வரை. இரண்டிலும் பார்த்தது ஜிஎஸ்டி பதிவில் உள்ள முதன்மை வணிக இடத்தை. குடோன் வெள்ளத்தில் மூழ்கி, பதிவு முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் சலுகை இல்லை. முகவரி மாறிப் பல மாதமாகியும் திருத்தாமல் வைத்திருப்பவர்கள் இப்போதே போர்ட்டலில் திருத்திவிடுங்கள். மாறிய 15 நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை அது, கட்டணமும் கிடையாது.